சுயகாயம்: பேச்சு வந்த பாதை

மனத்தின் வலி தாங்காமல் ஒருவர் தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்வதைச் சுயகாயம் என்கிறார்கள். பெரும்பாலும் அது பதின்வயதில் தொடங்குகிறது. சாவதற்காகச் செய்யவில்லை என்பதே செய்தவர்களில் பலர் தரும் விளக்கம். பொறுக்க முடியாத ஒரு நேரத்தைத் தாண்டுவதற்கு, மரத்துப்போன மனத்தில் எதையாவது உணர்வதற்கு, தன்மேலேயே மூளும் கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்கு என்று காரணங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஆனாலும் பின்னாளில் தற்கொலையில் முடியும் அபாயத்தை அது கூட்டுகிறது என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து இல்லை. அடுத்த அறையில் படுத்திருக்கும் பெற்றோருக்கே தெரியாமல் வருடக்கணக்கில் நடக்கக்கூடியது இது. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் வழக்கம் எப்படி உருவானது என்பதற்குத் தொடர்ச்சியான ஆவணங்கள் பிரிட்டனில் கிடைக்கின்றன. இந்தியாவில் 150 ஆண்டுகளுக்கு மேல் இருந்த சட்டமும் அங்கிருந்து வந்ததுதான். சென்னையில் உருவான உதவித் தொலைபேசிக்கு முன்மாதிரியும் அங்கேதான் இருந்தது.

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் தற்கொலை அரசருக்கும் ஆண்டவனுக்கும் எதிரான குற்றம். இறந்தவரின் சொத்து அரசுக்குப் போகும். உடலை நாற்சந்தியில் புதைப்பார்கள். நாற்சந்திப் புதைப்பு 1823இல் நின்றது. அப்போதும் இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், ஜெபம் எதுவும் இல்லாமல்தான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய முடிந்தது. சொத்துப் பறிமுதல் 1870இலும், இரவில் மட்டுமே அடக்கம் என்ற விதி 1882இலும் ஒழிந்தன. செத்தவர்மேல் இருந்த கடுமை இப்படித் தளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் பிழைத்தவர்மேல் பிடி இறுகியது. 19ஆம் நூற்றாண்டில் புதிதாக அமைந்த லண்டன் போலீஸ், தற்கொலைக்கு முயன்று தப்பியவர்களை நீதிபதிமுன் கொண்டுபோய் நிறுத்தத் தொடங்கியது. ஒரு வாரம் காவலில் வைத்து, சிறைப் பாதிரியாரை விட்டுப் புத்தி சொல்லவைத்து, இனிமேல் செய்யமாட்டேன் என்று வாக்கு வாங்கி அனுப்புவது அன்றைய நடைமுறை. மறுபடி வந்தவர்களுக்குச் சிறை. சாக நினைத்தாரா, வலியைத் தணிக்க நினைத்தாரா என்று பிரித்துக் கேட்க அந்த ஏற்பாட்டில் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. காயத்தோடு வருகிறவருக்கு, தவறி விழுந்துவிட்டேன் என்று சொல்வதே பாதுகாப்பு.

இந்தச் சட்டம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309ஆம் பிரிவில், தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை வெறுங்காவல் அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றது. பிரிட்டன் தன் மண்ணில் அதைக் கைவிட்ட பிறகும் இந்தியா அரை நூற்றாண்டுக்கு மேல் கைவிடவில்லை.

மருத்துவம் இதைக் கவனிக்காமல் இருந்தது என்று சொல்ல முடியாது. மனநல விடுதிகளின் குறிப்பேடுகளில் இப்படிப்பட்ட காயங்கள் பதிவாகியிருக்கின்றன. ஹாக் டியூக் தொகுத்து 1892இல் வெளிவந்த உளமருத்துவ அகராதியில் இதற்கென்று தனிப் பதிவே உண்டு. 1938இல் அமெரிக்க மருத்துவர் கார்ல் மெனிங்கர் ஒரு படி மேலே போனார். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது முழுச் சாவைத் தள்ளிப்போட உடம்பும் மனமும் செய்துகொள்ளும் ஒரு சமரசம், ஒருவகையில் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் முயற்சி என்று அவர் எழுதினார். காலத்தை மிஞ்சிய பார்வை அது. ஆனால் இந்த எழுத்துகளில் எல்லாம் பேசுகிறவர் மருத்துவர். காயம்பட்டவர் பேசப்படும் பொருள். அவரே தன் கதையைச் சொன்னதாக ஒரு பக்கம் தேடி எடுப்பதும் கடினம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை அசையத் தொடங்கியது. நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து பிரிட்டனுக்கு வந்த உளமருத்துவர் எர்வின் ஸ்டெங்கல், நான்சி குக்குடன் சேர்ந்து 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். தோல்வியடைந்த தற்கொலை என்று ஒதுக்கப்பட்ட செயல்கள் பலவற்றில் சுற்றியிருப்பவர்களை நோக்கிய ஒரு முறையீடு இருக்கிறது என்பது அந்த நூலின் வாதம். 1961 ஆகஸ்ட் 3ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலையையும் அதற்கான முயற்சியையும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. பக்கத்து நாடான அயர்லாந்து அதைச் செய்ய 1993 வரை ஆனது. எடின்பரோவில் நார்மன் கிரீட்மன் போன்றோர், சாகும் நோக்கம் உறுதியாக இல்லாத செயல்களைத் தனியாக வகைப்படுத்தி எண்ணினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் 1976 முதல் பொது மருத்துவமனைக்கு வரும் சுயகாய நோயாளிகளைத் தொடர்ந்து பதிவுசெய்யும் பணி நடக்கிறது. கீத் ஹாட்டன் என்ற உளமருத்துவர் அதை நெடுங்காலம் வழிநடத்தினார்.

அதே காலத்தில் வேறொரு திசையிலும் வண்டி ஓடியது. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவமனைகளிலிருந்து வந்த கட்டுரைகள், சுயகாயம் செய்கிறவர் என்றால் இளம்பெண், திருமணமாகாதவர், அழகானவர், படித்தவர் என்று ஒரு சித்திரத்தை வரைந்தன. விலையுயர்ந்த சில மருத்துவமனைகளில் பார்த்த சில நோயாளிகளை வைத்து எழுதியது அது. பிறகு வந்த ஆய்வாளர்கள் அதைக் கிழித்துப் போட்டார்கள் என்றாலும் சித்திரம் எளிதில் அழியவில்லை. ஆண் பிள்ளைகள் இதைச் செய்வதில்லை என்ற எண்ணம் அதன் நேரடி வாரிசு. அந்த எண்ணத்தால் ஒரு பையனின் காயம் முரட்டு விளையாட்டின் கணக்கிலோ சண்டையின் கணக்கிலோ எழுதப்பட்டுவிடும்.

பேசத் துணிவதற்கு முன் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மருத்துவமனைக்கு வெளியிலிருந்து வந்தார். சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் 1935இல் லிங்கன் நகரில் துணைக் குருவாகப் பணி தொடங்கியபோது அவர் நடத்திய முதல் அடக்கம் 14 வயதுச் சிறுமியினுடையது. பூப்படைந்ததைப் பால்வினை நோய் என்று எண்ணிப் பயந்து, கேட்க ஒருவரும் இல்லாமல், உயிரை விட்டிருந்தாள். 18 ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பர் 2ஆம் தேதி, லண்டனின் செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். சாகலாம் என்று தோன்றுகிறவர்கள் கூப்பிடலாம் என்பது அறிவிப்பு. டெய்லி மிரர் நாளிதழ் இந்த முயற்சிக்கு வைத்த பெயரை ஒட்டி அமைப்புக்குச் சமாரிட்டன்ஸ் என்ற பெயர் நின்றது.

வாரா எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. நேரில் வந்தவர்கள் அவரைப் பார்க்கக் காத்திருக்கும்போது, உதவிக்கு வந்திருந்த சாதாரண மனிதர்கள் தேநீர் கொடுத்து உட்கார்ந்து பேச்சைக் கேட்டார்கள். அப்படிப் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்கவேண்டிய தேவை தீர்ந்து எழுந்து போனார்கள். 1954 பிப்ரவரியில் கேட்கும் வேலையை முழுவதுமாகத் தொண்டர்களிடம் அவர் ஒப்படைத்தார். பட்டமோ மருந்தோ அறிவுரையோ இல்லாமல், பெயர் கேட்காமல், ரகசியம் காத்துக் கேட்பது ஒரு தொண்டு என்று ஆனது அப்போதுதான். இந்த வரலாற்றில் சட்டத் திருத்தத்துக்குச் சமமான எடை இந்த நிகழ்ச்சிக்கு உண்டு. சொன்னால் தண்டனையும் இல்லை, மருத்துவமனைச் சேர்க்கையும் இல்லை என்ற ஓர் இடம் கிடைத்தது.

1986ஆம் ஆண்டு தனியாக நிறுத்திப் பார்க்கவேண்டியது. யாரும் யாருடனும் திட்டமிடாமல் நான்கு கதவுகள் அந்த ஒரே ஆண்டில் திறந்தன. பிரிஸ்டல் நகரில் நெருக்கடியிலிருக்கும் பெண்களுக்கான அமைப்பு ஒன்று தொடங்கி, பின்னர் சுயகாயத்தையே தன் முதன்மைப் பணியாக்கிக்கொண்டது. மனநல மருத்துவமனைகளில் இருந்து மீண்டவர்கள் சேர்ந்து, மீண்டவர்கள் பேசட்டும் என்ற பொருள்படும் பெயரோடு ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அக்டோபர் 30ஆம் தேதி பி.பி.சி. நிகழ்ச்சியாளர் எஸ்தர் ரான்ட்சன் முயற்சியில் குழந்தைகளுக்கான சைல்ட்லைன் தொலைபேசி திறந்தது. அன்றிரவே ஏறத்தாழ 50,000 முறை குழந்தைகள் அதை அழைக்க முயன்றார்கள். பெரும்பாலான அழைப்புகளை எடுக்க ஆளில்லை. நான்காவது கதவு சென்னையில்; அது பின்னால் வரும்.

இவற்றுள் மீண்டவர்களின் அமைப்புதான் சுயகாயம் பற்றிய பேச்சின் குரலையே மாற்றியது. 1989இல் அவர்கள் லண்டனில் சுயகாயத்துக்காகவே ஒரு மாநாடு கூட்டினார்கள். மேடையில் மருத்துவர்களுக்குப் பதில் அனுபவித்தவர்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவரான லூயிஸ் பெம்புரோக் 1994இல் தொகுத்த சிறு நூலில் பலர் தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தவை அச்சில் ஏறின. நீயாகச் செய்துகொண்டதுதானே என்று வரிசையின் கடைசியில் உட்காரவைத்தது, உண்மையான நோயாளிகளின் நேரத்தை வீணாக்குகிறாய் என்று திட்டியது, வலி தெரியாமலிருக்கப் போடவேண்டிய ஊசியைப் போடாமலே காயத்துக்குச் சிகிச்சை செய்தது. வலி பிடிக்கும் என்றுதானே செய்கிறாய் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

கவனத்தை ஈர்ப்பதற்காகச் செய்கிறார்கள் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு அவர்கள் கொடுத்த பதில் எளிமையானது. கவனம் வேண்டுகிறவர் அதை ஏன் வருடக்கணக்கில் மறைக்கவேண்டும்? உடனே நிறுத்து, நிறுத்தினால்தான் சிகிச்சை என்று நிபந்தனை போடும் மருத்துவர்களையும் அவர்கள் எதிர்த்தார்கள். வேறு பிடி எதையும் கொடுக்காமல் இருக்கும் ஒரே பிடியைப் பறிப்பது ஆபத்து என்பது அவர்கள் வாதம். பிரிஸ்டல் அமைப்புக்காக லோயிஸ் ஆர்னல்ட் 76 பெண்களிடம் கேட்டு 1995இல் வெளியிட்ட அறிக்கையில், பின்னணியாக மறுபடி மறுபடி வந்தவை குழந்தைப் பருவத்து வன்முறையும் புறக்கணிப்பும். இந்தச் சாட்சியங்களில் கசப்பான ஓர் உண்மை இருக்கிறது. பேசியவர்கள் வளர்ந்த பெண்கள். அவர்களில் பலர் சொன்னது பதின்வயதிலோ அதற்கு முன்போ தொடங்கிய கதை. பள்ளிச் சீருடையில் இருந்த காலத்தில் யாரிடமும் சொல்லாததைப் பத்து இருபது ஆண்டுகள் கழித்துச் சொன்னார்கள்.

1995 நவம்பர் 20ஆம் தேதி இரவு, பிரிட்டனில் சுமார் 2 கோடியே 30 லட்சம் பேர் பார்த்த பி.பி.சி.யின் பனோரமா பேட்டியில், இளவரசி டயானா தன்னைத் தான் காயப்படுத்திக்கொண்டதாகச் சொன்னார். நெருக்கடியைச் சமாளிக்க முடியவில்லையே என்ற வெட்கத்தில் தன்னைத் தனக்கே பிடிக்காமல் போனது என்றும் விளக்கினார். உண்ணல் கோளாறு பற்றியும் அதே மூச்சில் பேசினார். அந்தப் பேட்டியைச் செய்தியாளர் மார்ட்டின் பஷீர் பெற்ற விதம் ஏமாற்று வேலை என்று 2021இல் டைசன் பிரபுவின் விசாரணை அறிக்கை சொன்னது; அந்தக் கறை பேட்டியின் மேல் என்றும் இருக்கும். ஆனாலும் அன்றிரவு வரவேற்பறைகளில் நடந்ததை அது அழிக்காது. உலகின் மிகப் பிரபலமான பெண்ணுக்கே இது நேர்ந்திருக்கிறது என்பதைத் தாயும் மகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து கேட்டார்கள்.

எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த விடை 2002இல்தான் வந்தது. ஹாட்டனும் அவர் குழுவினரும் இங்கிலாந்தின் 41 பள்ளிகளில் 15, 16 வயதுள்ள சுமார் 6,000 மாணவர்களிடம் பெயர் எழுதாத வினாத்தாளைக் கொடுத்தார்கள். முந்தைய ஓராண்டில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் 6.9 விழுக்காடு, பெண்களில் 11.2, ஆண்களில் 3.2. இதைவிட முக்கியமான எண் இன்னொன்று. அந்தச் சம்பவங்களில் மருத்துவமனை வரை வந்தவை 12.6 விழுக்காடு, அதாவது எட்டில் ஒன்று. கால் நூற்றாண்டாக மருத்துவமனைப் பதிவேட்டை வைத்து எழுதப்பட்ட ஆய்வுகள் பதின்வயதினரைப் பொறுத்தவரை எதைப் பார்க்காமல் விட்டன என்பதற்கு அந்த ஒரு எண் போதும். இதே முறையில் ஏழு நாடுகளில் 30,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வந்தபோதும் பெரும்பகுதி மறைந்தே இருந்தது தெரிந்தது. பிள்ளைகள் சொன்னால் அதிகமாகச் சொல்வது நண்பர்களிடம்தான்.

பெரியவர்களிடம் ஏன் சொல்வதில்லை என்பதை 2004 முதல் 2006 வரை பிரிட்டனில் நடந்த ஒரு தேசிய விசாரணை இளைஞர்களிடமே கேட்டது. சொன்னால் விஷயம் தங்கள் கையை விட்டுப் போய்விடும் என்பது அவர்களின் பெரிய பயம். பெற்றோர் பதறுவார்கள், பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும், பைத்தியம் என்று முத்திரை விழும், யாரோ முடிவு எடுப்பார்கள். பதற்றமும் அருவருப்பும் காட்டாமல் கேட்கும் ஒரு பெரியவர் வேண்டும் என்பதுதான் அவர்களின் எதிர்பார்ப்பாக இருந்தது.

பெரியவர்களின் பயம் வேறு. வாயைத் திறந்து கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று ஆசிரியர்களும் பெற்றோரும் அஞ்சினார்கள். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதில் இந்த அச்சம் சரியா என்று அமெரிக்காவில் மேடலின் குல்ட் குழுவினர் சோதித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டு, மறுபாதியிடம் கேட்காமல் விட்டு, இரண்டு நாள் கழித்து ஒப்பிட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு மனக்கலக்கமோ அந்த எண்ணமோ கூடவில்லை. 2005இல் வெளிவந்த இந்த முடிவு பள்ளிகளில் நேராகக் கேட்பதற்குத் துணையானது. கேட்பது வேறு, விவரிப்பது வேறு என்பதும் இதே காலத்தில் தெளிவானது. எப்படிச் செய்தார் என்ற விவரணையும் படமும் மற்றப் பிள்ளைகளைப் பாதிக்கக்கூடும். ஊடகங்கள் முறையை விவரிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2000இல் வெளியிட்ட கையேடு சொல்கிறது.

மருத்துவமனை மாறியதற்கு ஒரு தேதி உண்டு. 2004 ஜூலையில், பிரிட்டனில் சிகிச்சைத் தரத்தை வகுக்கும் நைஸ் நிறுவனம், சுயகாயத்தோடு வருகிறவரை மற்ற எந்த நோயாளிக்கும் காட்டும் அதே அக்கறையோடும் மரியாதையோடும் நடத்தவேண்டும் என்று வழிகாட்டியது. காயத்துக்குச் சிகிச்சை செய்யும்போது வலி நீக்கும் மருந்து கொடுக்கவேண்டும் என்றும் எழுத்தில் வைத்தது. இதைக்கூட எழுதவேண்டியிருந்தது என்பதே பெம்புரோக் போன்றவர்களின் சாட்சியம் எவ்வளவு உண்மை என்பதற்கு ஆதாரம். 2022இல் வந்த புதிய வழிகாட்டி, அடுத்த முயற்சியைக் கணிக்க மதிப்பெண் போடும் படிவங்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு படி மேலே போனது. மதிப்பெண் போடுவதை விட்டு, அந்த ஆளின் தேவை என்ன என்று கேட்கச் சொன்னது. அதே ஆண்டில், 14 வயது லண்டன் மாணவி ஒருத்தியின் இறப்பு பற்றிய விசாரணையில், அவள் பார்த்துவந்த சமூக ஊடகப் பதிவுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். 2023இன் இணையப் பாதுகாப்புச் சட்டம், பிறரைக் கடுமையான சுயகாயத்துக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. 1961 வரை காயம்பட்டவர் குற்றவாளியாக இருந்த நாட்டில் தூண்டுகிறவர் குற்றவாளியாக ஆக 62 ஆண்டுகள் பிடித்தன.

இந்தியாவில் 309ஆம் பிரிவின் கீழ் தண்டனை பெற்றவர்களைவிட அதற்குப் பயந்து பொய் சொன்னவர்கள் பல மடங்கு இருப்பார்கள். அரசு மருத்துவமனையில் சேர்த்தால் போலீசுக்குத் தகவல் போகும், எம்.எல்.சி., அதாவது மருத்துவ-சட்ட வழக்கு, என்று பதிவாகும். அதனால் வீட்டார் சொல்வது கால் தவறியது, தெரியாமல் நடந்தது. நாலு பேருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு எப்படிக் கல்யாணம் நடக்கும் என்ற கவலை அதன்மேல் ஏறி உட்காரும். சட்ட ஆணையம் 1971இலேயே இந்தப் பிரிவை நீக்கச் சொன்னது. 1994இல் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. 1996இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு செல்லும் என்று மாற்றியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309க்கு நேரான பிரிவு இல்லை. அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் நெருக்குவதற்காக முயல்வது மட்டும் குற்றமாக நீடிக்கிறது. இலங்கை இந்தத் தண்டனையை 1998இலேயே நீக்கிவிட்டது. அங்கே சுமித்ரயோ என்ற கேட்கும் அமைப்பு 1974 முதல் இயங்குகிறது.

சட்டம் குற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே சென்னையில் உளமருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சிநேகா அமைப்பைத் தொடங்கினார். சமாரிட்டன்ஸ் வகுத்த அதே வழிதான்: தொண்டர்கள், ரகசியம், இலவசம், அறிவுரை சொல்லாமல் கேட்பது. தமிழ்நாட்டில் பிள்ளைகளின் துயரம் தேர்வு முடிவு நாளோடு பின்னிக் கிடந்தது. தோற்றவர்கள் ஓராண்டு வீணாகாமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுத வழிசெய்யும் உடனடித் தேர்வு சிநேகா வலியுறுத்தியவற்றுள் ஒன்று. அது நடைமுறைக்கு வந்தது. 2017இல் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாநில ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது. முடிவு வெளியாகும் நாட்களில் 104 எண்ணில் மாணவர்களுக்கு ஆலோசனை தருகிறார்கள்.

இவை பெரும்பாலும் தற்கொலையை மனத்தில் வைத்து வந்த ஏற்பாடுகள். சாகும் எண்ணம் இல்லாமல் நடக்கும் சுயகாயம் இங்கே இன்னும் தனியாக எண்ணப்படுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை இறந்தவர்களைக் கணக்கிடுகிறது. பிழைத்திருக்கும் பிள்ளையின் கையிலுள்ள தழும்பு அதன் அட்டவணையில் வராது. ஆக்ஸ்ஃபோர்டு போலத் தொடர் பதிவேடு வைக்காதவரை எத்தனை பள்ளிகளில் எத்தனை பேர் என்பதற்கு ஊகமே மிஞ்சும். பேசுவதற்கான வழிகள் மட்டும் கூடியிருக்கின்றன. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமின்றி அழைக்கலாம். ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கான 1098 எண்ணும் எந்த நேரமும் இயங்குகிறது.